பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் ஊழியம்

வெளிநாட்டில் பிள்ளைகள் மத்தியில் ஊழியம் செய்யப் போக நினைக்கிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அங்கே ஒரு நாள் எப்படிப் போகும்?" என்பதைத்தான். மிஷனரி கூட்டங்களில் சொல்லப்படுகிற சாட்சிகளில் பெரிய விடுதலைகள் வரும். வாளியும் துணியும் மருந்துச் சீட்டும் வருவதில்லை. அதனால் அவற்றைப் பற்றியே எழுதுகிறேன். நான் ஊழியம் செய்கிற பிள்ளைகள் இல்லம் இருக்கிற நாட்டையும் ஊரையும் சொல்லப்போவதில்லை. எங்களிடம் அடிபட்டு வந்த பிள்ளைகள் உண்டு, நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிற பிள்ளைகள் உண்டு. அவர்கள் இருக்கிற இடம் வெளியே தெரிந்தால் தேடி வருகிறவர்கள் எல்லோரும் நல்ல எண்ணத்தோடு வருவார்கள் என்று சொல்ல முடியாது.

காலை படுக்கைகளில் தொடங்கும். அடியும் பயமுமாக வளர்ந்த பிள்ளைகள் எட்டு, பத்து வயதிலும் இரவில் படுக்கையை நனைப்பது சாதாரணம். எங்கள் இல்லத்தில் ஒவ்வொரு மெத்தைக்கும் ரெக்சின் உறை போட்டு, தலைமாட்டில் ஒரு மாற்று விரிப்பு வைத்திருப்போம். நனைந்ததைக் கூடையில் போட்டுவிட்டுப் புதியதை விரித்துக்கொள்ள வேண்டியது, அவ்வளவுதான். யாரும் கேட்க மாட்டோம். வாரத்தில் சில நாள் எல்லோருடைய விரிப்பையும் மொத்தமாக எடுத்துத் துவைத்துவிடுவதால், எது யாருடையது என்று மற்றப் பிள்ளைகளுக்கும் தெரியாது. ஆனால் வெகுநாளாக நனைக்காத பிள்ளை திடீரென்று நனைக்க ஆரம்பித்தால் மட்டும் கவனிக்க வேண்டும். சிறுநீர்த் தொற்று இருக்கலாம். யாராவது அந்தப் பிள்ளையைப் பயமுறுத்திக்கொண்டிருக்கலாம். இரண்டையுமே பார்த்துவிட வேண்டும்.

அடுத்து மருந்து. எச்.ஐ.வி. மருந்து சாப்பிடுகிற பிள்ளைக்கு நேரம் தவறக் கூடாது. காசநோய்க்குச் சிகிச்சை எடுக்கிற பிள்ளை சாதாரணமாக ஆறு மாதம் தொடர்ந்து சாப்பிட வேண்டும், நடுவில் தேறிவிட்டது போலத் தெரிந்தாலும் நிறுத்தக் கூடாது. மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல், விழுங்கியதைப் பார்த்த பிறகுதான் நோட்டில் கையெழுத்துப் போடுவோம். எந்தப் பிள்ளைக்கு என்ன மருந்து என்பது அந்த வேலை பார்க்கிறவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். சத்து மாத்திரை, இருமல் மருந்து என்று எல்லோரும் ஏதோ ஒன்றை அதே அறையில் வந்து வாங்கிக்கொள்கிற மாதிரி வைத்திருப்பதால் யாரும் தனியாகத் தெரிய மாட்டார்கள்.

சிரங்கைப் பற்றி இரண்டு வரி சொல்ல வேண்டும், ஏனென்றால் பயிற்சி வகுப்பில் யாரும் சொல்லித் தருவதில்லை. ஒரு பிள்ளைக்கு வந்தால் வீட்டில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே நாளில் மருந்து போட வேண்டும், அரிப்பே இல்லாத பெரியவர்களுக்கும் சேர்த்து. பெர்மெத்ரின் 5 சதவீதக் களிம்பு என்றால் இரவு முழுக்க உடம்பில் இருக்க வேண்டும், ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை போட வேண்டும். அன்றைக்கே துணி, விரிப்பு எல்லாவற்றையும் சுடுநீரில் துவைக்க வேண்டும். துவைக்க முடியாததைப் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் ஒதுக்கி வைத்தால் பூச்சி செத்துவிடும். மருந்து வேலை செய்த பிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும்; அதைப் பார்த்து மறுபடி மறுபடி மருந்தைப் பூசி தோலைப் புண்ணாக்கிவிடக் கூடாது.

மெலிந்து வருகிற குழந்தைகள் விஷயத்தில் நம் அன்பே ஆபத்தாகிவிடலாம். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரையுள்ள குழந்தையின் மேற்கையை அளவுநாடாவால் சுற்றிப் பார்த்தால் 115 மில்லிமீட்டருக்குக் குறைவு என்றால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. பசியோடு இருக்கிறதே என்று வயிறு நிறையக் கொடுக்கத் தோன்றும். ஆனால் பட்டினியில் வற்றிப்போன உடம்பு திடீரென்று வருகிற சாப்பாட்டைத் தாங்காது, இதயமே நின்றுபோகலாம். அந்தக் குழந்தையை அன்றைக்கே ஊட்டச்சத்துச் சிகிச்சை தருகிற இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். நிலைமை மோசமாகி அங்கே சேர்த்துக்கொள்ளப்படுகிற குழந்தைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக, இரவிலும் எழுப்பி, அதற்கென்று தயாரித்த பாலைத்தான் முதலில் கொடுப்பார்கள்.

பசி உடம்பில் தீர்ந்த பிறகும் மனத்தில் தீராது. எங்களிடம் வந்த ஆறு வயதுப் பையன் ஒருவன் மேசையில் நன்றாகத்தான் சாப்பிடுவான். ஒரு நாள் தலையணை உறையைக் கழற்றியபோது உள்ளே காய்ந்த ரொட்டித் துண்டுகள், எறும்பு மொய்த்த ஒரு வாழைப்பழம். எங்கள் இல்லத்தில் பிள்ளைகளோடு தங்கிப் பார்த்துக்கொள்கிற அக்கா அந்த ஊர்க்காரர். அவர் சத்தம் போடவில்லை. மூடி போட்ட ஒரு டப்பாவில் அவன் பெயரை ஒட்டி, பிஸ்கட்டை நிரப்பி அவன் கட்டிலுக்கு அடியில் வைத்தார். "இது உன்னுடையது, கண்ணு. ராத்திரி பசித்தாலும் எடுத்துச் சாப்பிடலாம். தீர்ந்துபோனால் என்னிடம் சொல்லு" என்றார். அன்று இரவே காலி செய்துவிட்டான். காலையில் டப்பாவைத் திறந்து நீட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றான், ஒரு வார்த்தை பேசவில்லை. அவரும் பேசாமல் நிரப்பிக் கொடுத்தார். மறுநாளும் அப்படியே. கொஞ்ச நாளில் இரண்டு நாளைக்கு ஒரு தடவை ஆனது, அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவை. வெகு நாள் கழித்து டப்பாவைத் திறந்து பார்த்தபோது பென்சில் துண்டுகளும் பாட்டில் மூடிகளும்தான் இருந்தன. ஒளித்து வைத்ததற்காக அவனுடைய சாப்பாட்டை யாராவது பிடுங்கியிருந்தால், இன்னும் நல்ல இடமாகப் பார்த்து ஒளிக்கத்தான் கற்றிருப்பான்.

பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு என் நேரம் காகிதங்களோடு போகும். விசா புதுப்பித்தல், இல்லத்தின் பதிவு, குழந்தைகள் நல அலுவலகத்துக்கு அறிக்கை, பிறப்புச் சான்றிதழே இல்லாத பிள்ளைக்கு அதை வாங்க அலைவது. ஊழியத்துக்கு வந்துவிட்டு இதென்ன என்று சலித்துக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படித் தோன்றியதில்லை. பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளையை வேறு பெயரில், வேறு வயதில், எல்லை தாண்டியும் கொண்டுபோய்விட முடியும். வயதை நிரூபிக்க ஆவணம் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையைக் கல்யாணத்துக்கும் வேலைக்கும் தள்ளிவிடுவதும் எளிது. அந்த ஒரு தாளை வாங்கிக் கோப்பில் வைத்த நாளில் நான் மனதார ஸ்தோத்திரம் சொல்வேன்.

நான் எல்லாவற்றையும்விட முக்கியமாக நினைப்பது இனிமேல்தான் வருகிறது. எங்களிடம் இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலானவர்களுக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள். இது எங்கள் இல்லத்தில் மட்டும் இல்லை, பல நாடுகளில் கணக்கெடுத்தபோதும் காப்பகப் பிள்ளைகளின் நிலைமை ஏறக்குறைய இதுதான். யுனிசெஃப் கணக்கில் பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளையும் அநாதைதான், அதனால் பெரிய பெரிய எண்ணிக்கைகளைக் கேட்கும்போது யாருமே இல்லாத பிள்ளைகள் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். விசாரித்துப் பார்த்தால் வேறு கதை வரும். அம்மாவுக்கு நோய், அப்பா வேலை தேடிப் போனவர் திரும்பவில்லை, பள்ளிக்கூடம் தூரம், நடக்க முடியாத பிள்ளைக்கு அந்தப் பக்கத்தில் சிகிச்சை இல்லை. "இங்கே விட்டால் படிப்பாவது கிடைக்கும்" என்று கண்ணீரோடு கொண்டுவந்து விட்ட தாய்மார்கள் எத்தனையோ பேர்.

அப்படியானால் என் வேலை அந்தப் பிள்ளையை நன்றாக வளர்ப்பதோடு முடிகிறதா? முடியவில்லை என்றுதான் நான் நம்புகிறேன். "தேவன் தனிமையானவர்களுக்கு வீடுவாசல் ஏற்படுத்தி" என்று சங்கீதம் 68:6 சொல்கிறது. ஒரு பிள்ளைக்கு வீடுவாசல் ஏற்கெனவே இருந்து, வறுமை மட்டும்தான் நடுவில் நிற்கிறது என்றால், அந்த வறுமையோடு மல்லுக்கட்டுவதுதான் என் ஊழியம். பெற்றோரிடம் வளர முடியாத பிள்ளைகளுக்காக 2009-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுப் பராமரிப்பு வழிகாட்டு நெறிகளும் இதையே சொல்கின்றன: வறுமை ஒன்றை மட்டுமே காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது, அது குடும்பத்துக்கு உதவி தேவை என்பதற்கான அடையாளம்.

சின்னக் குழந்தைகள் விஷயத்தில் அவசரமும் உண்டு. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரத்தில் 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஓர் ஆய்வில், காப்பகங்களில் இருந்த 136 குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் பல விதத்திலும் தேறினார்கள். ஏறக்குறைய இரண்டு வயதுக்குள் போனவர்கள் அதிகமாகத் தேறினார்கள். கட்டில், பால், துணி எல்லாம் காப்பகத்திலும் இருந்தது. அழும்போது ஓடி வருகிற ஒரே முகம்தான் இல்லை. எங்களிடம் கைக்குழந்தை வந்தால் அன்றைக்கே வளர்ப்புக் குடும்பம் தேட ஆரம்பித்துவிடுவது இதனால்தான்.

வீட்டுக்கு அனுப்புவது ஒரே நாளில் நடக்கிற காரியம் இல்லை. முதலில் தேட வேண்டும். போரிலோ பேரிடரிலோ பிரிந்த குடும்பம் என்றால் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு இதற்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. மற்றபடி சமூகப் பணியாளர்தான் சந்தை, பள்ளிக்கூடம், பழைய மருத்துவச் சீட்டு என்று துப்புப் பிடித்துப் போவார். ஆள் கிடைத்த பிறகு அந்த வீடு பாதுகாப்பானதா, எதனால் பிள்ளை வெளியே வந்தது, அந்தக் காரணம் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு அவர்கள் வந்து பார்ப்பார்கள், பிள்ளை ஒரு பகல் போய் வரும், ஒரு விடுமுறை தங்கி வரும். குழந்தைகள் நல அலுவலகமோ நீதிமன்றமோ கையெழுத்திட்ட பிறகுதான் பெட்டி கட்டுவது.

ஒரு பையனுடைய பாட்டியைத் தேடிப் போயிருந்தோம். ஒரே அறை வீடு. எங்களைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்குக் கை நடுங்கியது. "அங்கே அவனுக்குக் கட்டில் இருக்கிறது, மூன்று வேளை சாப்பாடு இருக்கிறது. இங்கே வந்து என்ன பண்ணுவான்?" என்றார். எங்கள் சமூகப் பணியாளர் அதற்குப் பதில் சொல்லவில்லை. "சரி அம்மா, ஒருவேளை அவன் வந்தால் பள்ளிக்கூடத்துக்கு யாரோடு போவான்?" என்று மட்டும் கேட்டார். பாட்டி உடனே சொன்னார்: "பக்கத்து வீட்டுப் பெண் அதே பள்ளிக்குத்தான் போகிறது. அவள் அம்மாவிடம் கேட்டு வைத்திருக்கிறேன். மூன்றாம் வகுப்பு வாத்தியாரையும் பார்த்தேன்." எங்களுக்கு முன்னாலேயே அந்தக் கிழவி அவனைக் கூட்டிவர எல்லா ஏற்பாடும் செய்து வைத்திருந்தார். குறையாக இருந்தது கூரைத் தகடும் பள்ளிச் செலவும்தான். ஒரு பிள்ளையை இல்லத்தில் வைத்துப் பார்க்கிற செலவோடு ஒப்பிட்டால் அது மிகச் சிறிய தொகை.

அனுப்பிவிட்டால் முடிந்தது என்றும் இருக்க முடியாது. ஒரு வருடமாவது போய்ப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், முதல் சில வாரங்களில் அடிக்கடி. பாட்டிக்கு உடம்பு சரியில்லை என்றால் பையன் பள்ளிக்குப் போகாமல் நின்றுவிடுவான். அது பெரிதாகும் முன்னால் தெரிய வேண்டும்.

எல்லோரையும் திருப்பி அனுப்ப முடியாது என்பதும் உண்மைதான். அடித்தவரும் விற்றவரும் இருக்கிற வீட்டுக்கு எந்தப் பிள்ளையையும் அனுப்பக் கூடாது. அயர்லாந்தில் பிறந்த மிஷனரி ஏமி கார்மைக்கேல் 1901 முதல் தமிழ்நாட்டின் டோனாவூரில் சேர்த்துக்கொண்ட பெண்பிள்ளைகளில் பலர், கோவிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்திலிருந்து காப்பாற்றப்பட்டவர்கள். திரும்பிப் போனால் மறுபடி அதே கைகளில்தான் விழுவார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இன்றைக்கும் நீண்ட நாள் அடைக்கலம் வேண்டும், அது எவ்வளவு முடியுமோ அவ்வளவு குடும்பம் போல இருக்க வேண்டும். பிரஷ்யாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஊழியத்துக்கு வந்து, 1836-இல் பிரிஸ்டலில் பிள்ளைகளுக்கு வீடு திறந்த ஜார்ஜ் முல்லரை நாம் எல்லோரும் அறிவோம். அவர் தொடங்கிய ஸ்தாபனமே 20-ஆம் நூற்றாண்டின் நடுவில் அந்தப் பிரமாண்டமான கட்டடங்களை விட்டுவிட்டுச் சிறு குடும்ப அளவு வீடுகளுக்கு மாறிவிட்டது.

விருந்தினரைப் பற்றியும் வெளிப்படையாகப் பேச வேண்டும். இரண்டு வாரக் குழுவாக வருகிறவர்கள் நல்ல உள்ளத்தோடுதான் வருகிறார்கள். வாசலில் கால் வைத்ததும் சின்னப் பிள்ளை ஒன்று ஓடிவந்து கட்டிக்கொண்டால் உருகிப்போவார்கள். எனக்கு அந்தக் காட்சி கவலையைத் தருகிறது. பத்திரமாக வளர்ந்த மூன்று வயதுக் குழந்தை அறியாத ஆளைப் பார்த்தால் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் போய் ஒளியும். யாரைப் பார்த்தாலும் ஓடிப்போய் மடியில் ஏறுகிற குழந்தை, பல சமயம் யாருமே நிலையாக இல்லாமல் வளர்ந்ததாக இருக்கும். வருகிறவர் இரண்டு வாரம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு விமானம் ஏறினால், அந்தக் காயத்திலேயே இன்னொரு அடி. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை பெற்றோர் பராமரிப்பு இல்லாத பிள்ளைகளைப் பற்றி நிறைவேற்றிய தீர்மானம், காப்பகங்களில் தன்னார்வலர் சுற்றுலா பிள்ளைகளுக்குச் செய்கிற கேட்டையும், அதற்காகவே பிள்ளைகள் கடத்தப்படுவதையும் எடுத்துச் சொல்கிறது.

அதனால் எங்களிடம் வருகிற குழு கூரை வேய்வார்கள், சுவருக்கு வர்ணம் அடிப்பார்கள், கணக்கு வைக்கத் தெரிந்தவர் கணக்கைச் சரிபார்த்துத் தருவார், பல் மருத்துவர் என்றால் எங்கள் ஆட்கள் முன்னிலையில் பல் பார்ப்பார். பிள்ளைகளைக் குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, தனியாக வெளியே கூட்டிப்போவது எதுவும் கிடையாது. எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு கதவடைத்த அறையில் தனியாக இருக்கக் கூடாது. இந்த விதி போதகருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர் யாராக இருந்தாலும் அவரைப் பிள்ளைகள் பக்கம் விடாதீர்கள்.

போட்டோவும் அப்படித்தான். ஆதரவாளர்களுக்கு எழுதுகிற ஜெபக் கடிதத்தில் பிள்ளையின் முகம், முழுப் பெயர், பட்ட பாடு மூன்றும் ஒன்றாக வரக் கூடாது. அழுகிற முகத்தைப் போட்டால் காணிக்கை அதிகம் வரும், அது தெரிந்ததே. இருபது வயதில் அந்தப் பிள்ளை வேலைக்குப் போகிற இடத்தில் யாரோ அந்தப் படத்தைத் தேடி எடுப்பார்கள். என் சொந்த மகளின் படத்தை அப்படிப் போடுவேனா என்று கேட்டுப் பார்ப்பேன். அதற்கு மேல் யோசிக்க வேண்டியிராது.

மாலையில் ஜெபம் இருக்கும். பாடல், ஒரு சின்னக் கதை, யாராவது ஒருவருக்காகப் பிரார்த்தனை. வேறு மதத்துக் குடும்பங்களிலிருந்து வந்த பிள்ளைகளும் எங்களிடம் இருக்கிறார்கள். அவர்களைக் கட்டாயப்படுத்துவதில்லை. பக்கத்து அறையில் படம் வரையலாம், படிக்கலாம். 1989-இல் வந்த ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 20-ஆவது பிரிவு, பிள்ளை வளர்ந்த மதத்தையும் மொழியையும் பண்பாட்டையும் கருத்தில் கொள்ளச் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இப்படித்தான் நடப்பேன். இயேசு பிள்ளைகளை "அணைத்துக்கொண்டு, அவர்கள்மேல் கைகளை வைத்து, அவர்களை ஆசீர்வதித்தார்" என்று மாற்கு எழுதுகிறார். அதற்கு முன்னால் இயேசு எந்த நிபந்தனையும் வைக்கவில்லை. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் என்னையே நம்பியிருக்கிற ஒரு பிள்ளை நான் சொல்வதற்கெல்லாம் "ஆமென்" சொல்லும். அதை விசுவாசம் என்று எடுத்துக்கொண்டு கடிதத்தில் எண்ணிக்கை எழுத என் மனசாட்சி இடம் கொடுக்காது. "நீங்கள் ஏன் இங்கே வந்தீர்கள்?" என்று பிள்ளையே கேட்டால், ஒளிக்காமல் சொல்வேன்.

ஊழியக்காரரின் உடம்பும் மனமும் பற்றிக் கொஞ்சம். இரவில் அலறி எழுகிற பிள்ளையோடு உட்கார்ந்துவிட்டுக் காலையில் அலுவலகம் ஏறி இறங்கினால் எத்தனை மாதம் தாங்கும்? ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியா வந்து 1951-இல் மரிக்கும்வரை ஒரு தடவைகூட ஊர் திரும்பவில்லை. அவர் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை இருந்தும், அதை இன்றைக்கு ஒரு முன்மாதிரியாகச் சொல்ல மாட்டேன். வாரத்தில் ஒரு முழு நாள் இல்லத்துக்கு வெளியே இருங்கள். வருடத்தில் சில வாரம் ஊருக்குப் போங்கள். போகும் தேதியையும் வரும் தேதியையும் நாட்காட்டியில் பிள்ளைகளோடு உட்கார்ந்து வட்டம் போட்டுவிட்டுப் போங்கள், சொன்ன நாளில் வந்து நில்லுங்கள். சொல்லாமல் போனவர்களைத்தான் அவர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்.

மொழியை முதல் வருடத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள், வேறு வேலை எதுவும் ஆகாவிட்டாலும் பரவாயில்லை. கனவு கண்டு பயந்த பிள்ளை மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடாது. அப்புறம், முடிவெடுக்கிற நாற்காலியில் அந்த நாட்டுக்காரர்களை உட்காரவையுங்கள். விசா ரத்தாகி நான் நாளைக்கே கிளம்ப வேண்டி வந்தாலும் பிள்ளைகளின் இரவுச் சாப்பாடு நேரத்துக்கு நடக்க வேண்டும். முல்லர் வரவு செலவை வருடா வருடம் அச்சிட்டு வெளியிட்டார். நாங்களும் வெளித் தணிக்கையாளரை வைத்துத்தான் கணக்கை முடிக்கிறோம், உள்ளூர்க் குழுவும் அதைப் பார்க்கிறது.

போவது என்று முடிவு செய்துவிட்டீர்கள் என்றால், உங்களை அனுப்புகிற ஸ்தாபனத்திடம் சில கேள்விகளைக் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். இல்லம் அந்த நாட்டு அரசிடம் பதிவு செய்யப்பட்டதா? பிள்ளைப் பாதுகாப்புக் கொள்கை கையெழுத்தோடு இருக்கிறதா, என் மேல் போலீஸ் சரிபார்ப்புச் செய்வீர்களா? ஒரு பிள்ளை என்னைப் பற்றியே புகார் சொல்ல நினைத்தால் யாரிடம் போகும்? ஒவ்வொரு பிள்ளைக்கும் எப்போது, எப்படிக் குடும்பத்துக்குப் போகும் என்று ஒரு திட்டம் கோப்பில் இருக்கிறதா? போன வருடம் எத்தனை பிள்ளைகள் வீட்டுக்குப் போனார்கள்? கடைசிக் கேள்விக்கு "நாங்கள் யாரையும் அனுப்புவதில்லை" என்று பெருமையாகப் பதில் வந்தால், வேறு இடம் பாருங்கள்.